கமடோர் 64 விலையைப் பார்த்து மலைத்தவர்களுக்கு: பழைய கணினி சேர்க்கத் தொடங்க ஒரு வழிகாட்டி

பழைய கணினி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டு ஈபேயைத் திறக்கும் பலர், விலையைப் பார்த்துவிட்டு அன்றைக்கே மூடிவிடுகிறார்கள். 1982-ல் 595 டாலருக்கு அறிமுகமாகி, ஒரு கோடிக்கும் மேல் விற்ற கமடோர் 64, பின்னாளில் அமெரிக்க வீட்டு வாசல் விற்பனைகளில் பத்துக்கும் இருபதுக்கும் தள்ளிவிடப்பட்டது. அதே பெட்டி இப்போது ஓடுகிற நிலையில் இருந்தால் நூறு டாலரைத் தாண்டுகிறது. அட்டைப்பெட்டியும் கையேடும் கூட இருந்தால் கேட்கவே வேண்டாம். அமிகா 1200, மெக்கின்டாஷ் எஸ்இ/30 எல்லாம் அதற்கும் மேலே.

ஆப்பிள்-1 நம் பேச்சிலேயே வராது. 1976-ல் 666.66 டாலருக்கு விற்ற அந்தப் பலகைகளில் ஒன்று 2024-ல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 9,45,000 டாலருக்குப் போனது. மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன் சேர்த்து வைத்திருந்த தொகுப்பில் இருந்தது அது. அவர் சியாட்டிலில் தொடங்கிய கணினி அருங்காட்சியகத்தில் யார் வேண்டுமானாலும் பழைய இயந்திரங்களின் முன்னால் உட்கார்ந்து தட்டிப் பார்க்கலாம். அது 2020-ல் மூடப்பட்டது. மறுபடி திறக்கவே இல்லை.

இந்தக் கட்டுரை அந்த ஏலத்துக்குப் போகிறவர்களுக்கானது அல்ல. மாதச் செலவு போக மிச்சத்தில் கொஞ்சம் ஒதுக்கி, கையால் தொட்டு விளையாட ஒரு இயந்திரம் வேண்டும் என்பவர்களுக்கு. என் யோசனை ஒன்றுதான்: வாங்குவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மற்றவற்றை முதலில் செய்துவிட்டால், வாங்கும்போது பாதி விலைக்குக் கிடைப்பதை வாங்கும் தைரியம் வந்துவிடும்.

விலை ஏன் ஏறியது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எந்த இயந்திரத்தின் விலை எதனால் ஏறியது என்று தெரிந்தால்தான் எதை விட்டுவிடலாம் என்று தெரியும்.

முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. 1980-களில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது வயது. கையில் காசு இருக்கிறது. அன்று அப்பா வாங்கித் தராததை இன்று அவர்களே வாங்குகிறார்கள். 2020-ல் உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது இந்த ஆசை இன்னும் முற்றியது. பழைய பெட்டியைத் துடைத்துப் பழுது பார்த்து ஓட்டிக் காட்டும் யூடியூப் வீடியோக்கள் எரிகிற விளக்கில் எண்ணெய் ஊற்றின.

இரண்டாவது காரணம் முதலீட்டுக்காரர்கள். 2021 ஜூலையில் உறை பிரிக்காத சூப்பர் மாரியோ 64 கார்ட்ரிட்ஜ் ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதன் பிறகு பரணில் கிடக்கும் எதற்கும் விலை உண்டு என்று சம்பந்தமே இல்லாதவர்கள்கூட நினைக்கத் தொடங்கினார்கள்.

மூன்றாவதுதான் உண்மையில் வலிக்கிற காரணம். இயந்திரங்கள் குறைந்துகொண்டே போகின்றன. கமடோர் நிறுவனம் 1994-ல் திவாலானது. கமடோர் 64-ன் ஒலியை உருவாக்கும் சிட் சிப்பைத் தயாரித்தது அந்த நிறுவனத்தின் சொந்தத் தொழிற்சாலை மட்டுமே. இன்று ஒன்று செத்தால் உலகத்தில் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான். அதையும் இசைக்கலைஞர்கள் சின்தசைசர் செய்யப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். ஐபிஎம்மின் பழைய விசைப்பலகைகளுக்குத் தனி ரசிகர் கூட்டம் இருக்கிறது. அவர்கள் விசைப்பலகையை எடுத்துக்கொண்டதும், அது சேர்ந்திருந்த டெர்மினல், அதாவது திரைப் பெட்டி, குப்பைக்குப் போகிறது. மிச்சத்தைத் தங்கம் பிரிப்பவர்கள் எடை போட்டு வாங்கி உருக்கிவிடுகிறார்கள்.

இதிலிருந்து புதியவருக்கு ஒரு கணக்கு கிடைக்கிறது. உள்ளே இருப்பது கடையில் கிடைக்கிற சிப்பா, அந்த நிறுவனம் மட்டுமே செய்த சிப்பா? முதல் வகை இயந்திரத்தைப் பழுதான நிலையிலும் துணிந்து வாங்கலாம். இரண்டாவது வகையில், செத்த பெட்டி என்பது பெரும்பாலும் செத்த பெட்டிதான்.

எமுலேட்டரில் ஒரு மாதம்

எமுலேட்டர் என்பது இன்றைய கணினியைப் பழைய கணினி போல நடக்கவைக்கும் மென்பொருள். சேகரிப்பாளர்களில் சிலர் அதன் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். கண்டுகொள்ளாதீர்கள். கமடோருக்கு வைஸ், அக்காலப் பிரிட்டிஷ் கணினிகளான ஸ்பெக்ட்ரத்துக்கு ஃபியூஸ், பிபிசி மைக்ரோவுக்கு பீப்எம், பழைய பிசிக்களுக்கு டாஸ்பாக்ஸ் அல்லது 86பாக்ஸ். எல்லாமே இலவசம். உங்களிடம் இருக்கும் சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும்.

வைஸைத் திறந்தால் வெளிர்நீல ஓரத்துக்குள் நீலத்திரை. 38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ என்று ஒரு வரி. அதற்குக் கீழே ரெடி. மின்னும் ஒரு சதுரம். போக் 53280,0 (ஆங்கிலத்தில் POKE) என்று தட்டி எண்டரை அழுத்துங்கள். ஓரம் கறுப்பாகும். 53281 என்று மாற்றினால் நடுத்திரை. அந்த எண்கள் என்ன, ஏன் அந்த முகவரி, 0-வுக்குப் பதில் 7 போட்டால் என்ன நிறம் என்று கேள்வி கிளம்பி இரவு ஒரு மணி வரை உட்கார்ந்தால், இந்த நோய் உங்களுக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். பத்து நிமிடத்தில் அலுத்துவிட்டால் நூறு டாலர் மிச்சம்.

ஒரு சின்னச் சட்ட விஷயம். ஸ்பெக்ட்ரத்தின் ராமை எமுலேட்டர்களோடு சேர்த்து வழங்க, அதன் உரிமையை வைத்திருந்த ஆம்ஸ்டிராட் நிறுவனம் இசைவு கொடுத்திருக்கிறது. அமிகாவின் கிக்ஸ்டார்ட் ராம் அப்படியில்லை. உரிமத்தோடு காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். (இங்கே ராம் என்பது படிக்க மட்டுமான நினைவகம். தமிழில் எழுதினால் இரண்டு ராமும் ஒன்றாகத் தெரிவதால் இனிமேல் இதை ரீட்-ஒன்லி சிப் என்றே எழுதுகிறேன்.)

இந்த ஒரு மாதத்தில் உங்களுக்கு எது வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். விளையாட்டுகள் மட்டும் போதும் என்றால் எமுலேட்டரோடு நின்றுகொள்ளலாம். நிரல் எழுதத்தான் ஆசை என்றாலும் பழைய பெட்டி கட்டாயமில்லை. திறந்து பார்க்க வேண்டும், ஈயம் உருக்க வேண்டும், கையில் கனம் தெரிய வேண்டும் என்பவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

கருவியும் கைப்பழக்கமும்

ஒரு மல்டிமீட்டர், வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள சால்டரிங் அயர்ன், ஈயத்தை உறிஞ்சும் பம்ப், ஐசோபுரோபைல் ஆல்கஹால், நல்ல ஸ்க்ரூடிரைவர் செட். தொடங்க இது போதும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் ஒரே நடையில் முடித்துவிடலாம். மலிவு மல்டிமீட்டரே போதும். அயர்னில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வெப்பம் கட்டுக்குள் இல்லாத அயர்ன் நாற்பது வருடப் பலகையின் செப்புக் கோடுகளை உரித்து எடுத்துவிடும்.

கைப்பழக்கத்தை விலை உயர்ந்த பலகையில் தொடங்காதீர்கள். ஓடாத ரேடியோ, டிவிடி பிளேயர் என்று வீட்டில் எதுவாவது இருக்கும். அதில் சிப்புகளைச் சேதமில்லாமல் கழற்றிப் பழகுங்கள். நாற்பது கால் சிப் ஒன்றை, ஒரு செப்பு வளையமும் உரியாமல் வெளியே எடுக்க வந்துவிட்டால் நீங்கள் தயார்.

அதற்கு அடுத்து, முடிந்தால் ஒரு கிட். ஆர்சி2014 என்று இசட்80 செயலியை வைத்து நீங்களே பூட்டும் கணினி உண்டு. சைலாக் நிறுவனம் அந்த நாற்பது கால் இசட்80-ஐ நிறுத்தப்போவதாக 2024-ல் அறிவித்தபோது எல்லோரும் துக்கம் கொண்டாடினார்கள். ஆனால் அது இத்தனை ஆண்டுகளில் ஏகப்பட்ட பேர் செய்து குவித்த சிப், இன்னும் கிடைக்கும். அக்காலத்தின் இன்னொரு செயலியான 6502-ன் புது வடிவத்தை வெஸ்டர்ன் டிசைன் சென்டர் இப்போதும் விற்கிறது. பல்கேரியாவின் ஒலிமெக்ஸ் செய்யும் ஏகான் லைட் பலகை இன்னொரு வழி: பிபிசி பேசிக் ஓடும், விலையோ ஒரு பழைய கமடோரில் பாதிகூட வராது. இதெல்லாம் பழையது இல்லையே என்பீர்கள். சரிதான். ஆனால் பழையதைத் திறக்கும் கை இதில்தான் பழகும்.

எதை வாங்குவது

முதல் இயந்திரமாகக் கமடோர் 64 வேண்டாம் என்பது என் கட்சி. அருமையான இயந்திரம்தான். ஆனால் புகழுக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்கள், உள்ளே அந்த நிறுவனம் மட்டுமே செய்த சிப்புகள் வேறு. செத்த சிட்டுக்குப் பதிலாக ஆர்ம்சிட், சிட்கிக் போன்ற புதுத் தயாரிப்புகள் உண்டு. எங்கிருந்தோ 'புத்தம் புது' 6581 (சிட் சிப்பின் எண்) என்று மலிவாக விற்கிறார்களே, அதை மட்டும் நம்பாதீர்கள். வேறு சிப்பைச் சுரண்டி, மேலே எண் அச்சடித்து விற்பது அந்த வட்டாரத்தில் சாதாரணம்.

ஸ்பெக்ட்ரம் கொஞ்சம் சாதகமானது. 1982-ல் 16கே நினைவகமுள்ளது 125 பவுண்டுக்கும் 48கே நினைவகமுள்ளது 175 பவுண்டுக்கும் வந்தது. பிரிட்டனில் ஏராளமாக விற்றதால் பழுதான பெட்டிகள் இன்னும் வருகின்றன. அதில் அடிக்கடி சாவது கீழ் 16கே நினைவகச் சிப்புகளும் அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் சின்ன டிரான்சிஸ்டரும், இரண்டுமே மாற்றக்கூடியவை. சாவிகளுக்குக் கீழே இருக்கும் சவ்வு காய்ந்து உடைந்திருக்கும். புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதற்கென்றே செய்த யூஎல்ஏ சிப்புக்குக்கூட இப்போது புது மாற்று வந்துவிட்டது.

பிபிசி மைக்ரோ எனக்குப் பிடித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் குத்துக்குத் தாங்குமாறு செய்தது. பலகையில் பெரும்பாலானவை கடையில் கிடைக்கிற சிப்புகள், பெரிய சிப்புகள் சாக்கெட்டில் செருகியவை. இந்தியாவோடும் அதற்கு உறவு உண்டு. 1984-ல் மத்திய அரசு பள்ளிகளில் கணினிக் கல்விக்காகத் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் கொடுத்தது இதைத்தான். சண்டிகர் பக்கம் செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் நிறுவனம் இதே இயந்திரத்தை யூனிகார்ன் என்ற பெயரில் செய்தது. ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸும் டெசிபெல்ஸ் நிறுவனத்தின் டிபி ஸ்பெக்ட்ரமாக இங்கே வந்தது. ஏதாவது ஒரு பள்ளியின் பூட்டிய அறையில் இவற்றில் ஒன்றைப் பார்த்தால், வாங்க முடியாவிட்டாலும் குப்பைக்குப் போகாமல் தடுத்துவிடுங்கள். ரீட்-ஒன்லி சிப்பின் உள்ளடக்கத்தைப் படியெடுத்து, பலகையைப் படம் பிடித்து வைப்பது இன்னும் நல்லது.

இதைவிட மலிவாக வேண்டுமா? இன்னும் யாரும் ஏங்காத காலத்துக்குப் போங்கள். பென்டியம் 3, பென்டியம் 4, பழைய ஐபுக் ஜி4, அலுவலகங்கள் கழித்துக் கட்டும் தின் கிளையன்ட் (சர்வரோடு இணைத்து ஓட்டும் சின்னக் கணினி) பெட்டிகள். 2001 வாக்கில் வந்த ஒரு பென்டியம் 3-ல் விண்டோஸ் 98 போட்டால் தொண்ணூறுகளின் விளையாட்டுகள் பெரும்பாலும் ஓடும். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1999-லிருந்து 2007 வாக்கில் வரை வந்த மதர்போர்டுகளில் மட்டமான கெப்பாசிட்டர்கள் ஏராளமாகப் போய்ச் சேர்ந்தன. தலை உப்பியோ பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள், வீட்டுக்கு வந்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு போர்டுக்கு ஆகும் கெப்பாசிட்டர் செலவு சில நூறு ரூபாய்தான்.

இதில் சபலம் ஒன்று வரும்: நாளைக்கு விலை ஏறும் என்று பத்து பென்டியம் 4 வாங்கி அடுக்குவது. தயவுசெய்து வேண்டாம். நம்மை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களும் அப்படித்தான் தொடங்கினார்கள்.

விலையைப் படிப்பது எப்படி

ஈபேயில் கேட்கும் விலை யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடுவது. பார்க்க வேண்டியது விற்றுப்போன விலை. தேடல் வடிகட்டியில் விற்று முடிந்தவை என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் பச்சை எண்களில் உண்மை தெரியும். மாதக்கணக்காக விற்காமல் கிடக்கும் ஒரு பெட்டியின் விலையைப் பார்த்து இன்னொருவர் அதே விலை போடுகிறார், அவரைப் பார்த்து மூன்றாமவர். அந்தச் சங்கிலியை நம்பிப் பயப்படாதீர்கள். ஒரு மாதம் விற்ற விலைகளைக் குறித்து வைத்தால் சந்தையின் நாடி பிடிபடும்.

'சோதித்துப் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தால், சோதித்தார், ஓடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே மின்கம்பியும் டிவியும் தெரிகிற படத்தைப் போட்டுவிட்டு இப்படி எழுதுகிறவர்களும் உண்டு. பழுதான பெட்டிக்கு உண்டான விலைக்கு மேல் ஒரு காசு கொடுக்காதீர்கள். 'அரிது' என்று தலைப்பில் போட்டிருப்பது பெரும்பாலும் கமடோர் 64 ஆகத்தான் இருக்கும். கோடிக்கு மேல் விற்றது எப்படி அரிதாகும் என்று கேட்டால் பதில் வராது.

விலை குறையும் இடங்கள் சில. மஞ்சளாகிப்போன மேலுறை அதில் முதலாவது. அந்தக் காலப் பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் கலவையும் வெயிலும் சேர்ந்து செய்த வேலை அது. உள்ளே ஒரு பாதிப்பும் இல்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கலாம், சில காலத்தில் மறுபடி மஞ்சளாகலாம். மஞ்சளாகவே இருக்கட்டும் என்று விட்டாலும் ஓடுவது ஓடும். அடுத்தது ஒன்றிரண்டு சாவி இல்லாதது. அப்புறம் பவர் சப்ளை இல்லாதது. அது ஏன் நல்ல செய்தி என்று பின்னால் சொல்கிறேன்.

விற்பவரிடம் இரண்டு படங்கள் கூடுதலாகக் கேளுங்கள்: இயக்கிய நிலையில் திரை, மூடியைத் திறந்த நிலையில் பலகை. இரண்டாவதைத் தர மறுப்பவர்கள் நிறைய. தந்தவரின் படத்தில் பச்சை பூத்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள், முக்கியமாகப் பேட்டரி இருக்கும் மூலையில். பிரிட்டிஷ் இயந்திரமா அமெரிக்க இயந்திரமா என்பதும் முக்கியம். இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், பால் (PAL) முறை டிவி. பிரிட்டிஷ் பெட்டி இதற்குப் பொருந்தும். அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட், என்டிஎஸ்சி (NTSC) முறை டிவி. தவிர, ஐரோப்பாவில் எழுதிய கமடோர் விளையாட்டுகள் பல அமெரிக்க இயந்திரத்தில் வேகம் மாறியோ தடுமாறியோ ஓடும்.

எங்கே தேடுவது

ஈபே கடைசி இடம். லண்டனிலோ டொரன்டோவிலோ இருப்பவர்களுக்கு அறக்கொடைக் கடைகளும், ஊர்ப்பக்க விற்பனைத் தளங்களும், வின்டேஜ் கம்ப்யூட்டர் ஃபெஸ்டிவல் போன்ற கூட்டங்களும் இருக்கின்றன. கூட்டங்களில் விற்பவர்கள் பெரும்பாலும் பொழுதுபோக்குக்காரர்களே. நல்ல வீட்டுக்குப் போகிறது என்று தெரிந்தால் குறைத்துக் கொடுப்பார்கள். அதை வைத்து லாபம் பார்க்க ஒருவன் வந்திருக்கிறான் என்று சந்தேகம் வந்தால் அதே ஆள் விலையை ஏற்றுவார்.

இந்தியாவில் கதை வேறு. பயன்படுத்திய கணினியை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்கு இறக்குமதிக் கட்டுப்பாடு இருக்கிறது. பார்சல் சுங்கத்தில் மாட்டினால் பெட்டியும் போய், அனுப்பிய கூலியும் போகும். உதிரிகளும் கிட்களும் வரவழைப்பதற்கே வரி, கூலி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். ஆகவே உள்ளூரில் என்ன கிடைக்கிறதோ அதைச் சேர்ப்பதே புத்திசாலித்தனம். அப்படி எது கிடைக்கும்? தொண்ணூறுகளின் கணினிப் பயிற்சி மையங்கள், டிடிபி சென்டர்கள், பாலிடெக்னிக் ஆய்வகங்கள், தணிக்கையாளர் அலுவலகங்கள் விட்டுப்போன 386, 486, பென்டியம். எச்சிஎல், விப்ரோ என்று நம் ஊர்ப் பெயர் பொறித்த பெட்டிகளும் இதில் உண்டு. வெளிநாட்டுச் சேகரிப்பாளரிடம் இவை இருக்காது.

பழைய இரும்புக் கடைக்காரரிடம், அதாவது காயலான் கடையில், சொல்லி வையுங்கள். அவருக்கு இது எடைக்கு எடை சரக்கு. எடை விலைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகத் தருவதாகச் சொல்லி உங்கள் எண்ணைக் கொடுங்கள். ஆனால் அவர் கைக்கு வரும்போது பெரும்பாலும் பலகையைத் தனியாக உடைத்துப் பிரித்திருப்பார்கள். அதற்கு முன்பே பிடிக்க வேண்டும். பெரிய நிறுவனங்களும் கல்லூரிகளும் மின்னணுக் கழிவு விதிகளின்படி மறுசுழற்சிக்காரர் போன்ற பதிவுபெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு ஒன்றும் வெளியே வராது. சின்ன அலுவலகங்கள், கடைகள், வீடுகள் அப்படியில்லை. இடம் மாற்றும்போதும், பெரியவர் ஓய்வு பெறும்போதும், போகிக்கு முன்பும் கேட்டால் கிடைக்கும். "அண்ணே, அந்தப் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடறதா இருந்தா சொல்லுங்க, நானே வந்து எடுத்துக்கறேன்" என்று நாலு இடத்தில் சொல்லி வைத்தால், ஒரு வருடத்தில் ஒன்றாவது வரும். ஹார்டு டிஸ்க்கில் பழைய கணக்கு வழக்கு இருக்கும். அதை அவர் முன்னாலேயே கழற்றிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த பெட்டியும் உங்களுக்கே வரும்.

அஞ்சலில் வாங்கினால் விற்பவரிடம் ஒன்று சொல்லுங்கள்: பவர் சப்ளையைத் தனிப் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். கமடோரின் பவர் சப்ளை செங்கல் மாதிரி கனக்கும். ஒரே பெட்டியில் போட்டால் வழி நெடுக உருண்டு சாவிகளை நொறுக்கிவிடும். சிஆர்டி மானிட்டரை, அதாவது படக்குழாய் வைத்த பழைய மானிட்டரை, அஞ்சலில் வாங்கவே வேண்டாம்.

வந்ததும் உடனே சொருகாதீர்கள்

இங்கேதான் அதிகப் பெட்டிகள் சாகின்றன. ஓடுகிறதா என்று பார்க்கும் அவசரத்தில், முப்பது வருடம் தூங்கியதற்கு நேரடியாக மின்சாரம் கொடுப்பார்கள்.

கமடோர் 64 என்றால் அதன் பழைய பவர் சப்ளையைத் தூக்கிப் போடுங்கள். உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள், திறந்து பழுது பார்க்க முடியாது. அதிலிருக்கும் 5 வோல்ட் ரெகுலேட்டர் வயதாகிக் கெடும்போது வோல்டேஜ் குறையாது, ஏறும். ஏறினால் முதலில் போவது நினைவகச் சிப்புகள். அளந்து பார்க்க விரும்பினால் ஏழு கால் பிளக்கில் 5-ஆம் காலுக்கும் 2-ஆம் காலுக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள், 5.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேச்சே இல்லை. சரியாகக் காட்டினாலும் நிம்மதி கிடையாது, சூடேறிய பிறகு ஏறுவதும் உண்டு. இதற்காகவே புதிதாகச் செய்த பவர் சப்ளைகள் விற்கிறார்கள். பவர் சப்ளை இல்லாத பெட்டி நல்லது என்றேனே, இதனால்தான்: எப்படியும் வாங்கப் போகிற ஒன்றைக் காட்டி விலை குறைக்கலாம்.

ஸ்பெக்ட்ரத்தின் 9 வோல்ட் பிளக்கில் நடுமுனை மைனஸ். கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்களில் நடுமுனை பிளஸ். மாற்றிச் சொருகினால் பலகை போய்விடும்.

பிபிசி மைக்ரோ, ஆப்பிள் 2 இவற்றின் பவர் சப்ளைக்குள் ரிஃபா என்று எழுதிய, மஞ்சள் கலந்த கண்ணாடி மாதிரி உறை போட்ட கெப்பாசிட்டர் இருக்கும். உறையில் மெல்லிய விரிசல்கள் ஓடியிருந்தால் ஈரம் உள்ளே போயிருக்கிறது. சுவிட்சைப் போட்ட சில நிமிடங்களில் வெடித்து அறை முழுக்கப் புகை. ஆளைக் கொல்லாது, ஆனால் அந்த நாற்றம் இரண்டு நாளைக்குப் போகாது. போடுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். எக்ஸ்2 வகை என்று கேட்டு வாங்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளைக்குள் மின்சாரம் தங்கியிருக்கும், சிஆர்டியில் அதைவிட அதிகம். இந்த இரண்டையும் திறந்து பழக்கமுள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.

நம் ஊர்ப் பெட்டிகளில் பெரிய எமன் பேட்டரி. 386, 486 மதர்போர்டுகளில் பீப்பாய் வடிவில் நீல நிறத்தில் வார்ட்டா என்று ஒன்று ஒட்டியிருக்கும். அது கசியும். கசிந்த காரம் செப்புக் கோடுகளைத் தின்றுகொண்டே போகும், பக்கத்து சிப்பின் கால் வரை. முதல் வேலையாக வெட்டி எடுங்கள். பச்சை பூத்த இடத்தில் வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, காரம் செத்ததும் தண்ணீரால் கழுவி, ஆல்கஹால் போட்டு, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து ஒவ்வொரு கோடாகத் தொட்டுப் பாருங்கள். பீப் வராத கோட்டின் மேல் மெல்லிய கம்பியை ஓட்டிப் பற்றவைத்தால் பல போர்டுகள் எழுந்து உட்காரும். பழைய மெக்கின்டாஷ்களில் லித்தியம் பேட்டரி இதே வேலையைச் செய்யும். அமிகா 600, 1200-ல் பேட்டரி இல்லை. பலகையில் ஒட்டிய சின்னக் கெப்பாசிட்டர்கள் கசிந்து அதே நாசம்.

எல்லாம் சரி, ஆனால் திரை கறுப்பு என்றால் பயப்பட வேண்டாம். கமடோரில் டெட் டெஸ்ட் என்று ஒரு கார்ட்ரிட்ஜ் உண்டு, சில நூறு ரூபாய்க்கு நீங்களே செய்யலாம். செருகி இயக்கினால் திரை சில தடவை மின்னும். எத்தனை தடவை என்று எண்ணி அட்டவணையில் பார்த்தால் எட்டு நினைவகச் சிப்பில் செத்தது எது என்று தெரியும். ஒன்றை மாற்ற ஆகும் செலவு ஒரு காபி, டிபன் அளவுதான். பழுதான பெட்டிக்கும் ஓடுகிற பெட்டிக்கும் இருக்கும் விலை வித்தியாசத்தை இப்படி ஒரு மாலைப் பொழுதில் நீங்கள் சம்பாதித்துவிடலாம்.

துணைச் சாமான்களில் காசு விடாதீர்கள்

பெட்டி மலிவாகக் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் டிரைவ், மானிட்டர், சவுண்ட் கார்டு என்று பின்னால் இரண்டு மடங்கு செலவழிப்பதைப் பார்க்கிறேன். பழைய பிளாப்பி டிரைவுக்குப் பதில் மெமரி கார்டில் ஓடும் மாற்றுகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டன: கமடோருக்கு எஸ்டி2ஐஇசி, ஸ்பெக்ட்ரத்துக்கு டிவ்எம்எம்சி, அமிகாவுக்கும் பிசிக்கும் கோடெக். ஹார்டு டிஸ்க் இடத்தில் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டும் ஒரு அடாப்டரும். கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் கார்டு கேட்கும் விலையில் ஒரு முழுக் கணினியே வாங்கலாம். பிக்கோகஸ் என்ற புதுக் கார்டு அந்த ஒலியையும் தரும், சவுண்ட் பிளாஸ்டர் கார்டின் ஒலியையும் தரும். பழைய விளையாட்டுகளுக்கு இசை கொடுத்த ரோலண்ட் எம்டி-32 பெட்டியின் ஒலிக்கு ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்று போதும்.

திரைக்கு சோனியின் ஸ்டூடியோ மானிட்டர் வேண்டும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். அதன் விலை ஏறியதே தனிக் கதை. வீட்டுப் பரணில் பழைய கலர் டிவி இருந்தால் எடுங்கள். தமிழ்நாட்டில் 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல டிவிகள் எத்தனையோ வீடுகளில் சும்மா கிடக்கின்றன. பின்னால் ஏவி துளை இருந்து, கமடோரின் வீடியோ கம்பியைச் செருகினால் 1984-ல் மேற்கு ஜெர்மனியின் ஒரு பையன் பார்த்த அதே படம் தெரியும்.

வைப்பது, கொடுப்பது

பேட்டரி இல்லாமல், காற்றோட்டமான இடத்தில், பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாமல் வையுங்கள். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களை மழைக்காலத்துக்கு முன் மாற்றுங்கள். மாதம் ஒருமுறையாவது அரை மணி நேரம் இயக்குங்கள்.

இரண்டாவது பெட்டி வாங்கத் தோன்றும்போது முதலாவதை யாருக்காவது கொடுக்க முடியுமா என்று பாருங்கள். விற்பதாக இருந்தால், என்ன பழுது இருந்தது, எதை மாற்றினீர்கள், பவர் சப்ளை எந்தக் காலத்தது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்து, நீங்கள் கொடுத்த விலையோடு உதிரிச் செலவைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஈபேயில் அதற்கு மேல் போகலாம். அடுத்து வாங்குபவர் ஒரு கல்லூரிப் பையனாக இருந்தால் அதையும் கழித்துக் கொடுங்கள்.